எதிர்க்கருத்து வரும்போது மூளை எந்த இடத்தில் கதவைச் சாத்துகிறது?

கேள்வி இது: மாற்றுக் கருத்தைச் சண்டையாக்காமல் சொல்வது பற்றி மூளை அறிவியல் உருப்படியாக ஏதாவது சொல்கிறதா, இல்லை எல்லாம் "பொறுமையாகப் பேசுங்கள்" ரகம்தானா?

சொல்கிறது. ஆனால் பலரும் தேடுகிற இடத்தில் அது இல்லை. கோபம், அமிக்டலா (உணர்ச்சியோடு தொடர்புள்ள ஒரு மூளைப் பகுதி) என்றுதான் பேச்சு வழக்கமாகத் தொடங்கும். உண்மையில் சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது, கோபம் துளியும் இல்லாத இடத்திலும் இருக்கிறது. எதிரே இருப்பவர் நம்மோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்த மாத்திரத்தில், அவர் சொல்வதன் எடையை நிறுத்துப் பார்க்கும் வேலையை மூளை பாதியில் விட்டுவிடுகிறது.

2020-ல் நேச்சர் நியூரோசயன்ஸ் இதழில் ஆண்ட்ரியாஸ் காப்பஸ், டாலி ஷாரட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. 42 பேர், இருவர் இருவராக. ஒரு வீட்டின் விலை திரையில் தெரியும் தொகையைவிடக் கூடுதலா குறைவா என்று சொல்லி, தங்கள் உறுதிக்கு ஏற்ப ஒரு சிறு தொகையைப் பந்தயம் கட்ட வேண்டும். பிறகு ஸ்கேனருக்குள் படுத்தபடி கூட்டாளியின் விடையையும் அவர் கட்டிய பந்தயத்தையும் பார்த்து, தங்கள் பந்தயத்தை மாற்றிக்கொள்ளலாம். கூட்டாளி ஒத்துப்போனபோது, அவர் பந்தயம் பெரிதாக இருந்தால் இவர்களும் துணிந்து ஏற்றினார்கள். அவர் மாறுபட்டபோது, பந்தயம் பெரிதோ சிறிதோ, இவர்கள் முடிவில் அது பெரிதாகப் பிரதிபலிக்கவில்லை. முன்மூளையின் நடுப்பகுதியில் பின்பக்கமாக இருக்கும் ஓரிடம், பிறர் கருத்தின் வலுவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் இடம், ஒத்த கருத்துக்கு மட்டும் அந்தக் கணக்கைச் செய்தது. மாறுபட்ட கருத்துக்குச் செய்யவில்லை. வீட்டு விலை விஷயத்தில் யாருக்கும் மான அவமானம் கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

இதன் நடைமுறைப் பொருள் கொஞ்சம் கசப்பானது. "நான் நூறு சதவீதம் உறுதியாச் சொல்றேன்" என்று அழுத்திச் சொன்னால் எதிராளி அசைவார் என்று நினைக்கிறோம். அந்த அழுத்தம்தான் அவர் மூளையில் பதிவாகாமல் போகும் முதல் சரக்கு. குரலை உயர்த்துவதும் அப்படியே.

அதே ஆண்டு மேக்ஸ் ரோல்வேஜ் குழுவினர் காந்தப்புல மூளைப்பதிவு கொண்டு இன்னொரு பக்கத்தைப் பார்த்தார்கள். திரையில் நகரும் புள்ளிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று சொல்ல வேண்டும், அதில் எவ்வளவு நிச்சயம் என்றும் சொல்ல வேண்டும். அதன்பின் கூடுதலாக ஒருமுறை புள்ளிகளைக் காட்டினார்கள். முதல் விடையில் மிக நிச்சயமாக இருந்தபோது அவர்கள் மூளையில், அந்த விடைக்கு ஆதரவான தகவல் பெருக்கப்பட்டது. எதிரான தகவல் ஏறக்குறைய பதிவாகவே இல்லை. நிச்சயம் குறைவாக இருந்தபோது இரண்டு பக்கமும் உள்ளே போயின. ஆக, கதவைச் சாத்துவது கொள்கைப் பிடிவாதம் மட்டுமல்ல, "எனக்குத் தெரியும்" என்கிற உணர்வே சாத்திவிடுகிறது.

அதனால் முதல் வேலை பேச்சுக்கு முன்னால் நடக்க வேண்டும். உங்கள் கருத்தை ஒரே வரியில் எழுதுங்கள். பக்கத்தில் எத்தனை சதவீதம் உறுதி என்று ஒரு எண் போடுங்கள். அதற்குக் கீழே, எதைக் கண்டால் அந்த எண்ணைப் பத்துப் புள்ளி இறக்குவேன் என்று இன்னொரு வரி. 95-க்கு மேல் போட்டிருந்து, மூன்றாவது வரிக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்றால், நீங்கள் பேசப் போவது விவாதம் அல்ல, அறிவிப்பு. அறிவிப்பாகவே சொல்லிவிடுவது நேர்மை. இந்த எண் போடும் பழக்கத்தில் பலரும் செய்யும் பிழை, எண்ணை மனசுக்குள் வைத்துக்கொள்வது. மனசுக்குள் இருக்கும் 70, பேச்சு சூடேறும்போது தானாக 100 ஆகிவிடும். தாளில் இருப்பது ஏறாது.

இனி அடையாளம் சம்பந்தப்பட்ட விஷயங்கள். ஜோனஸ் காப்லன் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், உறுதியான அரசியல் நம்பிக்கை கொண்ட 40 அமெரிக்கர்களுக்கு, அவர்கள் ஏற்றுக்கொண்ட கூற்றுகளுக்கு எதிரான வாதங்களைக் காட்டினார்கள். மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்பது போன்ற பொதுக் கூற்றுகளில் நம்பிக்கை கணிசமாக இறங்கியது. அரசியல் கூற்றுகளில் அசைவு மிகக் குறைவு. அரசியல் கூற்று தாக்கப்பட்டபோது, "நான் யார்" என்று தன்னைப் பற்றி நினைக்கையில் இயங்கும் இயல்புநிலை வலையமைப்பு அதிகம் இயங்கியது. மாற மறுத்தவர்களிடம் அமிக்டலாவும், உடலுக்குள் நடப்பதை உணரும் இன்சுலாவும் கூடுதலாக இயங்கின.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அமிக்டலா மூளையைக் கடத்திவிடுகிறது" என்று ஒரு கதை ஊரெல்லாம் ஓடுகிறது. 1995-ல் டேனியல் கோல்மன் பரப்பிய சொல் அது. அமிக்டலா பயத்துக்கு மட்டும் இயங்குவதில்லை. புதியது, முக்கியமானது, இனிமையானது எதற்கும் இயங்கும். ஸ்கேனில் அது ஒளிர்ந்தால் "இவர் மிரண்டுவிட்டார்" என்று திருப்பிப் படிக்க முடியாது. காப்லன் ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஒரு கருத்து ஆளோடு ஒட்டிக்கொண்டிருந்தால், கருத்தின் மீது கைவைப்பது ஆளின் மீது கைவைப்பதாகவே உள்ளே பதிவாகும். எனவே ஒட்டைப் பிரிப்பதுதான் உங்கள் வேலை. "உங்க திட்டம்" என்பதற்குப் பதில் "இந்தத் திட்டம்". "நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்க" என்பதற்குப் பதில் "இந்தக் கணக்குல எனக்கு ஒரு இடம் இடிக்குது". பார்க்க அற்பமாகத் தெரியும், ஆனால் எதிரே இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய அவசியம் அங்கே போய்விடுகிறது.

ஆதாரம் காட்டினால் எதிராளி இன்னும் முரண்டு பிடிப்பார் என்று ஒரு நம்பிக்கை 2010 வாக்கில் பிரபலமானது. பிறகு தாமஸ் வுட், ஈத்தன் போர்ட்டர் இருவரும் 52 விஷயங்களில் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்துப் பார்த்தபோது அந்த எதிர்விளைவு கிட்டத்தட்ட எங்கும் அகப்படவில்லை. தகவலைச் சொல்லலாம், பயப்பட வேண்டாம். எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வரிசைக்கு வருமுன் நேரக் கணக்கு ஒன்று பார்க்கலாம். இதை யாரும் சரியாகப் பேசுவதில்லை என்பது என் எண்ணம். 2009-ல் பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்தபோது, ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவில் சராசரியாக 200 மில்லி விநாடிதான் இருந்தது. ஒரே ஒரு சொல்லை மூளை தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே சுமார் 600 மில்லி விநாடி ஆகும். அதாவது அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நம் பதில் தயாராகத் தொடங்கியிருக்கிறது. சாதாரணப் பேச்சில் இது அழகான ஏற்பாடு. கருத்து மோதும்போது, அவர் வாக்கியத்தின் முதல் பாதியில் ஒரு சொல் உறுத்தியதும் பதில் கட்டப்பட்டுவிடுகிறது, மறுபாதி காதில் விழுந்தும் உள்ளே போவதில்லை. தமிழில் இது கூடுதல் நஷ்டம்: நம் வினை, எதிர்மறை, "என்றால்", "போல" எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. பாதியில் வெட்டினால், அவர் ஒன்றை ஆமோதிக்கிறாரா மறுக்கிறாரா என்பதே தெரியாமல் பதில் சொல்கிறோம்.

இரண்டு விநாடி விட்டுப் பேசுங்கள் என்று அறிவுரை சொல்வார்கள். நல்லதுதான், ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. உரையாடலில் தாமதமான பதில் பெரும்பாலும் மறுப்புக்கு முன்னறிவிப்பு. கேட்பவர் அதை அப்படித்தான் படிப்பார். நீங்கள் யோசிக்கிற மௌனம் அவருக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதாகத் தெரியும். அதனால் மௌனத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள்: "இருங்க, நீங்க சொன்னத ஒரு நிமிஷம் யோசிச்சுக்கறேன்." அதன்பின் ஐந்து விநாடிகூட எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். மென்பொருள் வேலை ஒன்றின் காலக்கெடு. ஒருவர், "ஆறு வாரத்துல முடிச்சிடலாம்" என்கிறார். வழக்கமாக வரும் பதில்: "இல்லீங்க, அதெல்லாம் முடியவே முடியாது. போன தடவை எவ்வளவு இழுத்துச்சுன்னு உங்களுக்கே தெரியும்ல?"

முதல் சொல்லே "இல்லீங்க". தமிழில் நாம் ஒத்துக்கொள்ளும்போதுகூட "இல்ல, நான் என்ன சொல்றேன்னா" என்றுதான் ஆரம்பிப்போம், அவ்வளவு பழகிவிட்டது. அடுத்து, ஆறு வாரம் என்பது எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்கவே இல்லை. "உங்களுக்கே தெரியும்ல" என்பதில் போன தடவைப் பழியும் சேர்ந்து அவர் தலையில் விழுகிறது. "முடியவே" என்பதில் இருக்கும் ஏகாரம் நூறு சதவீதம்.

மாற்றுப் பதில்: "ஆறு வாரம்னு சொல்றீங்க. கோடிங் முடிக்க அது போதும்னு எனக்கும் தோணுது. டெஸ்டிங் அதுல எத்தனை நாள் வருதுங்க?" அவர் பத்து நாள் என்கிறார். "சரி. எனக்கு மொத்தம் பத்து வாரம் ஆகும்னு படுது, ஒரு எழுபது சதவீதம் உறுதியாச் சொல்வேன். போன தடவை டெஸ்டிங் மட்டுமே அஞ்சு வாரம் போச்சு. இந்தத் தடவை அது ரெண்டு வாரத்துல முடியும்னு தெரிஞ்சா நானும் ஏழுக்கு இறங்கிடுவேன்."

தகவல் அதேதான். போன தடவை இழுத்தது இங்கேயும் வருகிறது, ஆனால் கேள்விக்கும் எண்ணுக்கும் பிறகு வருகிறது. மைக்கேல் யோமன்ஸ், ஜூலியா மின்சன் குழுவினர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், எதிர்க்கருத்துக்காரர்கள் "இவர் காது கொடுத்துக் கேட்கிறார்" என்று மதிப்பிட்ட பேச்சில் என்னென்ன இருந்தன என்று பிரித்துப் பார்த்தார்கள். அவர் சொன்னதை ஒப்புக்கு இல்லாமல் குறிப்பிடுவது, ஒத்துப்போகும் ஓரிடத்தைச் சொல்வது, "தோணுது, இருக்கலாம்" போன்ற தளர்வு, எதிர்மறைக்குப் பதில் நேர்மறை வாக்கியம். தோற்கடித்தவை: "இல்லை, முடியாது", கூடவே, வியப்பாக, "ஏனென்றால், ஆகவே" போன்ற விளக்கச் சொற்கள். காரணங்களை அடுக்க அடுக்க, பாடம் நடத்துவதாகக் கேட்கிறது. விக்கிப்பீடியாத் தொகுப்பாளர்களின் பேச்சுப் பக்கங்களைப் பார்த்ததில், காது கொடுத்துக் கேட்கும் விதத்தில் எழுதியவர்கள் மீது தனிப்பட்ட தாக்குதல் வருவதும் குறைவாக இருந்தது.

தளர்வை அளவோடு வையுங்கள். ஒரு கருத்துக்கு ஒரு "தோணுது" போதும். நாலு போட்டால் சொல்ல வந்ததே கரைந்துவிடும். பணிவு காட்டப் போய் எதிர்க்கருத்தே இல்லாமல் திரும்பி வருவார்கள். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போதும் கிளிப்பிள்ளையாகச் சொன்னால் எரிச்சல்தான் மிஞ்சும். உங்கள் சொற்களில் சொல்லுங்கள், "ஆமா, அதைத்தான் சொல்றேன்" என்று அவர் வாயிலிருந்து வரும்வரை உங்கள் கருத்துக்குப் போகாதீர்கள்.

கேள்வி கேட்பதில் "ஏன்" என்பதைவிட "எப்படி" மேல். "ஏன் அப்படிச் சொல்றீங்க?" என்றால் விசாரணை தொனி வந்துவிடும், அவர் காரணங்களை அடுக்கி இன்னும் உறுதியாவார். "அது எப்படி நடக்கும், முதல்ல என்ன, அடுத்து என்ன?" என்றால் படிப்படியாக விவரிக்க வேண்டிவரும், தனக்குத் தெரியாத இடங்களை அவரே கண்டுபிடிப்பார். நாம் நினைக்கும் அளவு நமக்கு விளக்கத் தெரியாது என்பதை ரோசன்பிளிட், கைல் இருவரும் 2002-லேயே காட்டினார்கள். இப்படி விளக்கச் சொன்னால் புரிதல் பற்றிய மிதப்பு இறங்குவது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. நிலைப்பாடே மிதமாகும் என்று 2013-ல் வந்த கூடுதல் முடிவு பிற்காலச் சோதனைகளில் அவ்வளவாக நிற்கவில்லை. ஆகவே "எப்படி" என்று கேட்டதும் அவர் கட்சி மாறுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். இதே கேள்வியை முதலில் உங்களிடம் கேட்டுக்கொள்வது அதைவிடப் பலன் தரும்.

சரி, சூடேறிவிட்டது. அப்போது என்ன? ஏமி ஆர்ன்ஸ்டனின் ஆய்வுகள் காட்டுவது: நம் கட்டுப்பாட்டில் இல்லை என்று தோன்றும் அழுத்தம் வந்தால் நார்அட்ரினலின், டோபமின் என்கிற மூளை வேதிப்பொருள்கள் அளவு மீறி, ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் என்கிற முன்மூளைப் பகுதியின் இணைப்புகள் தளர்கின்றன. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மனதில் தாங்கிப் பார்க்கும் வேலை அங்கேதான் நடக்கிறது, அதுதான் முதலில் போகும். "கட்டுப்பாட்டில் இல்லை" என்பதுதான் இதில் முக்கியம். எதிராளிக்குச் சின்னதாக ஒரு தேர்வு கொடுங்கள்: "இப்பவே பேசலாமா, சாயங்காலம் உக்காரலாமா? எது வசதி?" வெறும் மரியாதைக்கு மேல் இது வேலை செய்கிறது.

தம்பதியரைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன் சொல்லும் கணக்கு, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டினால் பேச்சை நிறுத்து, குறைந்தது 20 நிமிடம் விடு என்பது. ஐந்து நிமிடம் ஏன் போதாது? அட்ரினலின் சில நிமிடங்களில் வடிந்துவிடும், நமக்கும் அடங்கிவிட்டதாகத் தோன்றும். இன்னொரு அழுத்த ஹார்மோனான கார்டிசோலோ, அழுத்தம் தொடங்கி 20 முதல் 30 நிமிடத்தில்தான் உச்சம் தொடும். இடையில் திரும்பி வந்தால் ஒரே சொல்லில் மறுபடி பற்றிக்கொள்ளும். இடைவேளையில் மனசுக்குள் பதிலை ஒத்திகை பார்த்தால் இடைவேளையே இல்லை. நடங்கள், வேறு எதையாவது படியுங்கள். மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீட்டினால், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் வழியாகத் துடிப்பு இறங்கும்: எண்ணிக்கை நாலு உள்ளே, ஆறு வெளியே, சில நிமிடம். எழுந்து போகும்போது திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அது கதவை அறைந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதும் உதவும். 2007-ல் மேத்யூ லீபர்மன் குழுவினர் செய்த சோதனையில், முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் இயக்கம் குறைந்தது, முன்மூளையின் வலது கீழ்ப்பக்கம் கூடியது. ஆனால் உங்கள் உணர்ச்சிக்கு மட்டும் பெயர் வையுங்கள். "எனக்குக் கொஞ்சம் படபடப்பா இருக்கு" சரி. "நீங்க ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகுறீங்க?" எண்ணெய்.

கூட்டம் என்றால் கணக்கே வேறு. அங்கே ஆபத்து சண்டை அல்ல, வாயை மூடிக்கொள்வது. 2009-ல் வாசிலி க்ளுச்சாரெவ் குழுவினர் பார்த்தபடி, நம் மதிப்பீடு குழுவோடு முரண்பட்டால் மூளை அதைத் "தப்பு செய்துவிட்டாய்" என்கிற பிழைச் சைகையாகவே எடுத்துக்கொள்கிறது; சைகை பெரிதானால் அடுத்த முறை குழுவை நோக்கிச் சாய்கிறோம். சாலமன் ஆஷ் 1950-களில் செய்த கோடு அளக்கும் சோதனைகளில், ஒருமித்த தவறான கும்பலுக்கு எதிரே மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலான விடைகள் கும்பல் பக்கம் சாய்ந்தன. உண்மை சொல்லும் ஒரே ஒரு துணை கிடைத்ததும் அது சுமார் 5 சதவீதமானது. ஆகவே பேசத் தொடங்குமுன் எல்லோரும் தங்கள் கருத்தையும் எண்ணையும் தாளில் எழுதட்டும். மேலிடத்தில் இருப்பவர் கடைசியாகப் படிக்கட்டும். யாராவது தனியாக மாறுபட்டால், உங்களுக்கும் அதே எண்ணம் இருந்தால், அந்த இடத்திலேயே சொல்லுங்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்து "நீங்க சொன்னது சரிதான்" என்பதற்கு மதிப்பில்லை. எதிர்வாதம் செய்ய ஒருவரை நியமிப்பது அத்தனை பலன் தருவதில்லை. நடிப்பு என்று தெரிந்த எதிர்ப்பு, உண்மையான எதிர்ப்பைப் போல யோசிக்க வைப்பதில்லை என்று சார்லன் நெமத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எழுத்தில் முரண்படுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் கிண்டலை மின்னஞ்சலில் 78 சதவீதம் புரிந்துகொள்வார்கள் என்று எழுதியவர்கள் நினைத்தார்கள், கிடைத்தது 56. பூவா தலையா போட்டால் 50. வாட்ஸ்அப்பில் இரண்டு சுற்றுக்கு மேல் போனால் போனை எடுத்துக் கூப்பிடுங்கள், அதுவே போதும்.

யார் முதலில் கேட்பது? இதற்கும் பதில் உண்டு. எமீல் புருனோவும் ரெபெக்கா சாக்ஸும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், அதிகாரம் குறைந்த தரப்பினரின் மனம் தங்கள் பக்கத்தைச் சொல்லி அது கேட்கப்பட்டபோது இளகியது. அதிகாரம் கூடிய தரப்பினருடையது மறுபக்கத்தைக் கேட்டபோது இளகியது. நீங்கள் மேலாளர் என்றால் முதல் பத்து நிமிடம் கேட்பது உங்கள் பங்கு. கீழே இருப்பவரிடம் "என் இடத்துல இருந்து பாருங்க" என்று ஆரம்பிப்பது தலைகீழ்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஆறு, நீங்கள் பத்து என்றே நிற்கலாம். அங்கேயே ஒருவரை ஒருவர் மாற்றியாக வேண்டும் என்பதில்லை. மூளை தன் கணிப்பைத் திருத்திக்கொள்வது பெரும்பாலும் எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தில்; டோபமின் நரம்பணுக்கள் குறிப்பது அந்த வித்தியாசத்தைத்தான் என்பது 1990-களிலிருந்து நன்றாக நிறுவப்பட்ட விஷயம். வாதத்தைக் கணிப்பாக மாற்றிவிடுங்கள். "மூணாவது வாரக் கடைசிக்குள்ள முதல் தொகுதி டெஸ்டிங்குக்குப் போயிருந்தா உங்க கணக்கு, போகலேன்னா என் கணக்கு. சரிங்களா?" இரண்டு எண்களையும் தேதியையும் இருவரும் பார்க்கும் ஒரே தாளில் எழுதி, இருவரும் அதைப் படித்துப் பார்த்த பிறகு எழுந்திருங்கள்.